டேஷ்போர்டில் 80, செல்போனில் 75: எதை நம்புவது, எப்படிச் சோதிப்பது?

முள் 80-ல் நிற்கிறது. கண்ணாடியருகே மாட்டியிருக்கும் செல்போனில் மேப் 75 என்கிறது. மீட்டர் கெட்டுவிட்டது என்று சிலர் சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள். மேப்தான் தப்பு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டிலுமே கோளாறு இருக்காது. கார் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் தொழிற்சாலையிலேயே அமைக்கப்படுகிறது. உங்கள் வண்டியில் அது எவ்வளவு கூட்டுகிறது என்பதை அரை மணி நேரத்தில், தனிச் செலவு எதுவும் இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கருவிகளும் வேகத்தை எப்படி அறிகின்றன என்று முதலில் தெரிந்துகொண்டால், சோதனையில் எந்த எண்ணை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற குழப்பம் வராது.

மீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றை

ஸ்பீடோமீட்டருக்குச் சாலை தெரியாது. கியர்பாக்ஸிலோ, சக்கரத்தருகே ஏ.பி.எஸ். சென்சாரிலோ இருந்து வரும் துடிப்புகளை எண்ணி, ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று முன்பே எழுதிவைத்த கணக்கால் பெருக்கிக் காட்டுகிறது. 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்சே காப்புரிமை பெற்ற பழைய கேபிள் மீட்டரும் இதே வேலையைத்தான் செய்தது. சுழலும் காந்தம், அதைச் சுற்றி ஒரு உலோகக் கிண்ணம், முள்ளைப் பின்னிழுக்க ஒரு சுருள்வில். எந்த வகையானாலும் டயரின் அளவை மீட்டர் ஒருபோதும் அளந்து பார்ப்பதில்லை.

ஆனால் டயர் ஒரே அளவில் இருப்பதில்லை. 165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. பக்கச் சுவர் 165-ல் 80 சதவீதம், 132 மி.மீ.; மேலும் கீழுமாக 264. மொத்த விட்டம் 619.6 மி.மீ. புது டயரில் பட்டன் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும். தேய்மானக் குறியான 1.6 மி.மீ. வரை ஓட்டிவிட்டால் விட்டத்தில் 12.8 மி.மீ. போய்விடும். இது 2 சதவீதம். டயர் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று, ஆகவே மீட்டர் கூட்டிக் காட்டும். புது டயர் போட்ட அன்று அந்தக் கூடுதல் குறைந்துவிடும்.

தயாரிப்பாளர் இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் தாங்கும்படி மீட்டரை அமைக்க வேண்டும். பல நாடுகள் ஏற்றிருக்கும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 சொல்வது இதுதான்: மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்துக்குக் குறைவாக இருக்கவே கூடாது, அதிகமாக இருக்கலாம், ஆனால் உண்மை வேகத்தில் 10 சதவீதம், அதன்மேல் 4 கி.மீ. வரைதான். உண்மையில் 80-ல் போகும் காரில் முள் 80 முதல் 92 வரை எங்கு நின்றாலும் விதிப்படி சரி. உண்மை 100 என்றால் 114 வரை போகலாம். குறைத்துக் காட்டினால் குற்றம், கூட்டிக் காட்டினால் குற்றமில்லை என்ற நிலையில், எல்லோரும் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள்.

ஜி.பி.எஸ். வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது

போன நொடி எங்கே இருந்தோம், இந்த நொடி எங்கே இருக்கிறோம், நடுவே எவ்வளவு தூரம் என்று கழித்துப் பார்த்து ஜி.பி.எஸ். வேகம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். ‘இடத்தையே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டுகிறதே, வேகம் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?’ என்ற சந்தேகம் அங்கிருந்துதான் வருகிறது. இன்றைய ரிசீவர்கள் அப்படிச் செய்வதில்லை. செயற்கைக்கோளின் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதன் அலைநீளம் சுமார் 19 செ.மீ. நாம் செயற்கைக்கோளை நோக்கி நகர்ந்தால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். ரயில் நெருங்கும்போது ஹாரன் கூர்மையாகவும், தாண்டியதும் மட்டமாகவும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு. ஒரு செயற்கைக்கோளை நேராக நோக்கி 80 கி.மீ. வேகத்தில் போனால் அதிர்வெண் 117 ஹெர்ட்ஸ் நகரும். 157 கோடி ஹெர்ட்ஸில் 117 என்பது சொற்பம்தான்; ஆனாலும் ரிசீவருக்கு அதை அளப்பது கடினமில்லை. செயற்கைக்கோள் தானே நொடிக்குச் சுமார் 3.9 கி.மீ. ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பாதை துல்லியமாகத் தெரியும் என்பதால் அதைக் கழித்துவிட்டு, நாலைந்து செயற்கைக்கோள்களின் கணக்கைச் சேர்த்தால் நம் வேகம் கிடைத்துவிடும்.

திறந்த வானத்தில், சீரான வேகத்தில், நல்ல ரிசீவர் நொடிக்கு 0.05 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். மணிக்கு 0.18 கி.மீ. கார் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் செல்போனில் அவ்வளவு வராவிட்டாலும், 1 கி.மீ.க்குள் வைத்துக்கொள்ளலாம். ஆகவே நேர்ச்சாலையில், ஒரே வேகத்தில் மேப் 75 என்றால் நீங்கள் 75-ல்தான் போகிறீர்கள்.

ஜி.பி.எஸ். பிசகும் இடங்கள்

மேலே சொன்ன ‘திறந்த வானம்’, ‘சீரான வேகம்’ இரண்டில் ஒன்று போனாலும் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

முதலாவது, தாமதம். செல்போன் பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. எண் குதிக்காமல் இருக்க ஆப் அதைக் கொஞ்சம் சமன்செய்தும் காட்டும். இரண்டும் சேர்ந்து 2 நொடி பின்தங்கலாம். 80-லிருந்து 40-க்கு நாலு நொடியில் பிரேக் பிடித்தால் நொடிக்கு 10 குறைகிறது. அந்த நேரத்தில் போனில் தெரியும் எண் 20 கூடுதலாக இருக்கும். முடுக்கும்போது இதற்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். ஓவர்டேக் செய்யும்போதோ, வேகத்தடைக்கு முன்னாலோ போனைப் பார்த்து வேகம் முடிவுசெய்வது ஆபத்து.

இரண்டாவது, தலைக்கு மேல் மறைப்பு. கோவையிலிருந்து திருச்சூர் போகும் வழியில் குதிரான் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடும். சில ஆப்கள் கடைசி வேகத்தையே உறைய வைத்துக் காட்டும், சில போனின் அசைவு சென்சாரை வைத்து ஊகிக்கும். வெளியே வந்ததும் ஓரிரு நொடி அபத்தமான எண் ஒன்று வந்து போகும். சென்னை நூறடி சாலையில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே சிக்னல் முழுதாகப் போகாது. பாலத்திலும் கட்டடங்களிலும் பட்டு எதிரொலித்து வரும். இது ஒருவகையில் இன்னும் மோசம், ஏனென்றால் போனில் எந்த எச்சரிக்கையும் வராமல் எண் மட்டும் தவறும்.

மூன்றாவது, மலைச்சாலை. இங்கே ஏற்றத்தின் மேல் பழி போடுவது வழக்கம், ஆனால் அது தவறு. சில ஆப்கள் கிடைமட்ட வேகத்தை மட்டுமே காட்டுவது உண்மைதான். ஆனாலும் 6 சதவீத ஏற்றத்தில் 60 கி.மீ. வேகம் 59.9 ஆகத் தெரியும், அவ்வளவே. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் வேகமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் மலை வானத்தை மறைக்கும்.

வண்டிக்குள்ளேயே சிக்னலைக் கெடுக்கும் பொருள்களும் உண்டு. உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிமும் வெப்பம் தடுக்கும் கண்ணாடியும் சிக்னலை மந்தமாக்கும். மலிவான டேஷ்கேமும் அதன் சார்ஜரும் போனுக்கு ஒட்டியே இருந்தால் இரைச்சலைக் கிளப்பும்; ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். போனில் பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால் ஜி.பி.எஸ். பாதி நேரம் தூங்கும். ஆப்புக்குத் ‘துல்லியமான இருப்பிடம்’ அனுமதி தராவிட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

சோதனை

இதற்கு இருவர் வேண்டும். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது, தொடவும் கூடாது. அருகே இருப்பவர்தான் போனைப் பார்த்து எழுத வேண்டும்.

1. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நாலு சக்கரத்துக்கும் காற்று வையுங்கள். ரேடியல் டயரில் உள்ளே எஃகுப் பட்டை இருப்பதால் காற்று குறைந்தாலும் சுற்றளவு அதிகம் மாறாது. இருந்தாலும் சந்தேகம் ஒன்றை நீக்கிவிடலாம்.

2. போனை முன்கண்ணாடியருகே, வானம் தெரியும்படி ஸ்டாண்டில் மாட்டுங்கள். மடியிலோ கியர் அருகிலோ வேண்டாம். பேட்டரி சேமிப்பை அணையுங்கள். வேகத்தை ஒரு தசம இலக்கத்துடன் காட்டும் ஜி.பி.எஸ். ஆப் இருந்தால் நல்லது. மேப் முழு எண்ணாகத்தான் காட்டும், 74.6 கூட 75 ஆகிவிடும். ஆப் துல்லியம் 5 மீட்டருக்குள் என்று காட்டும் வரை காத்திருங்கள்.

3. திருச்சி–மதுரை போன்ற நான்குவழிச் சாலையில், மரமும் பாலமும் இல்லாத, நேரான, நெரிசலில்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலையில்லை, இரண்டு கருவியும் தரையோடு ஒப்பிட்ட வேகத்தைத்தான் சொல்கின்றன.

4. மீட்டரில் 40, 60, 80 ஆகியவற்றில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். சாலைப் பலகை அனுமதித்தால் மட்டும் 100. க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதைப் போடுங்கள். முள் அசையாமல் 20 நொடி நின்றதும் ஓட்டுபவர் ‘இப்போது’ என்று சொல்ல, அருகிலிருப்பவர் போன் எண்ணை எழுத வேண்டும். மீட்டரைப் பார்ப்பது ஓட்டுபவராகவே இருக்கட்டும். பக்கத்து இருக்கையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் முள் இரண்டு மூன்று கி.மீ. தள்ளித் தெரியும்.

5. ஒவ்வொரு வேகத்துக்கும் மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் 80-ஐத் தொட்டதும் பீப் அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். மெதுவாக வேகம் ஏற்றி, முதல் பீப் வரும் கணத்தில் போன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் பீப் எந்த 80-க்கு அடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

எண்களைப் படிப்பது

ஒரு காரில் மீட்டர் 40, 60, 80, 100 என்று நிற்கும்போது போனில் 37, 56, 75, 94 வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3, 4, 5, 6. மீட்டரில் 20 ஏறும்போதெல்லாம் வித்தியாசம் 1 கூடுகிறது, அதாவது 5 சதவீதம். அதோடு எல்லா வேகத்திலும் மாறாத 1 கி.மீ. இந்தச் சீரான ஏற்றம்தான் நல்ல மீட்டரின் அடையாளம். விதிக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம்: 75-ல் 10 சதவீதம் 7.5, அதோடு 4, ஆக 86.5 வரை காட்டலாம். 80 அதற்குள் அடங்கிவிட்டது.

வித்தியாசம் ஒழுங்கில்லாமல் இருந்தால், அதாவது 60-ல் 7, 80-ல் 2 என்று வந்தால், மீட்டரைக் குறைசொல்லும் முன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் வேகம் நிலைப்பதற்கு முன்பே எண்ணை எடுத்திருப்பீர்கள். எல்லா வேகத்திலும் போன் மீட்டரைவிட அதிகம் காட்டினால் அதை விட்டுவிடக் கூடாது. பெரிய டயர் மாட்டியிருப்பார்கள், அல்லது மீட்டர் யூனிட்டை மாற்றியபோது வேறு மாடலுக்கான கணக்கு ஏறியிருக்கும்.

காரின் கணினியில் உள்ள எண்களைப் போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. அடாப்டர் இருந்தால் இதை இன்னும் பிரித்தறியலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி, ஆப்பில் ‘வாகன வேகம்’ எண்ணைப் பாருங்கள். பல கார்களில் இது மீட்டரைவிட ஜி.பி.எஸ்.ஸுக்கே நெருங்கி இருக்கும், ஏனென்றால் கூட்டிக் காட்டும் வேலை மீட்டர் யூனிட்டுக்குள் நடக்கிறது. இதுவும் ஜி.பி.எஸ்.ஸிலிருந்து வெகுவாக விலகினால் டயரையோ சென்சாரையோ பார்க்க வேண்டும்.

போன் இல்லாமலும் முடியும்

தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையுடன் நிற்கும் கிலோமீட்டர் கற்களும், நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக நடும் சிறு கற்களும் இதற்கு உதவும். மீட்டரை 80-லேயே வைத்து, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஸ்டாப்வாட்சில் நொடி எண்ணச் சொல்லுங்கள். 3600-ஐ அந்த நொடியால் வகுத்தால் வேகம். 45 நொடி என்றால் 80, 48 நொடி என்றால் 75. பொத்தானை அரை நொடி முன்பின் அழுத்தினால் 1 சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். ஐந்து கல் தூரத்துக்கு எடுத்தால் அது ஐந்தில் ஒன்றாகும். சாலையை அகலப்படுத்திய இடங்களிலும் புறவழிச்சாலை போட்ட இடங்களிலும் கல் நகர்ந்திருக்கலாம் என்பதால் ஒற்றைக் கிலோமீட்டரை நம்ப வேண்டாம்.

டயர் மாற்றும்போது

அலாய் வீலோடு பெரிய டயர் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கடையில் ‘பொருந்தும்’ என்பார்கள், சக்கர வளைவில் உரசாது என்ற பொருளில். மீட்டருக்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். 619.6 மி.மீ. டயருக்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் விட்டம் 621.5, 0.3 சதவீதம்தான் கூடுகிறது, கவலையில்லை. 195/65 ஆர்15 என்றால் 634.5, 2.4 சதவீதம். 205/65 ஆர்15 என்றால் 647.5, 4.5 சதவீதம். முன்பு மீட்டரில் 100 காட்டும்போது 94-ல் போன அதே கார் இப்போது 98-ஐத் தாண்டிப் போகும். தயாரிப்பாளர் விட்டுவைத்த காப்பு ஏறக்குறைய முழுதும் தீர்ந்துவிட்டது. முதலிலேயே 3 சதவீதம் மட்டும் கூட்டிக் காட்டிய காராக இருந்தால், மீட்டர் இனி குறைத்துக் காட்டும். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. விட்ட வித்தியாசம் 3 சதவீதம் வரை போகலாம் என்று கடைகளில் சொல்வது உண்டு. மீட்டரை நினைத்தால் 2-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

இருசக்கர வண்டியில் முன்சக்கரத்திலிருந்து கேபிள் வரும் மாடல்களில் முன் டயர் அளவுதான் கணக்கு. முள் நடுங்கினால் கேபிள் உலர்ந்திருக்கும், கழற்றி கிரீஸ் வைத்தால் சரியாகும். முள் எழாமல் விட்டுவிட்டு விழுந்தால் உள்கேபிளின் சதுர முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக் கார், லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டிராக்கர் அறிக்கையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் 130 என்று இருந்தால், அதை வைத்து ஓட்டுநரைத் திட்டாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைப் பாருங்கள். 62, 130, 64 என்றால் அது பாலத்தடியிலோ சுரங்க வாசலிலோ வந்த பொய் எண். தொடர்ச்சியாகப் பல புள்ளிகள் உயர்ந்திருந்தால்தான் அது வேகம்.

தெரிந்த வித்தியாசத்தை என்ன செய்வது

‘மீட்டர் 5 கூட்டித்தானே காட்டுகிறது’ என்று 80 பலகை உள்ள இடத்தில் முள்ளை 85-ல் வைத்து ஓட்ட இதைப் பயன்படுத்த வேண்டாம். சோதனை செய்தபோது இருந்த டயரும் இன்று இருக்கும் டயரும் ஒன்றல்ல. போலீஸ் ரேடார் கன் அளப்பது உண்மை வேகத்தை. அதிவேகத்துக்கு 2019 திருத்தச் சட்டப்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். பயனுள்ள வேலை வேறு இருக்கிறது: மைலேஜ் கணக்கு.

வேக முள் 6 சதவீதம் கூட்டினால் ஓடோமீட்டரும் 6 சதவீதம் கூட்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கூட்டிக் காட்டும் ஏற்பாடு பெரும்பாலும் முள்ளுக்கு மட்டும்தான். தூரக் கணக்கு உண்மைக்கு நெருக்கமாகவே இருக்கும். தனியாகச் சோதித்துவிடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, வளைவு குறைந்த நெடுஞ்சாலையில் 20 கி.மீ. நிற்காமல் ஓட்டி, போன் பதிவு செய்த தூரத்தோடும் கல் எண்களோடும் ஒப்பிடுங்கள். ஊருக்குள் வேண்டாம்: வளைவுகளில் போன் குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைக்கும், சிக்னலில் நிற்கும்போது புள்ளி தள்ளாடித் தூரத்தைக் கூட்டும். டிரிப் 20.4 காட்ட, மற்ற இரண்டும் 20.0 என்றால் ஓடோமீட்டர் 2 சதவீதம் கூட்டுகிறது. லிட்டருக்கு 18 என்று நீங்கள் கணக்கிட்டது உண்மையில் 17.6. இந்த எண்ணையும் மூன்று வேகங்களின் வித்தியாசத்தையும் தேதியோடு, டயர் அளவோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த டயர் மாற்றத்துக்கு முந்தைய வாரம் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை சோதித்தால், பழைய டயரின் தேய்மானத்தை அந்த இரண்டு வரிசைகளின் இடைவெளியிலேயே பார்க்கலாம்.